மூஞ்சிக்கு நேரா அடிக்காத மருமகனே

வா மருமகனே, திண்ணையில உக்காரு. ஏழு பிளாஷு வாங்கிருக்கியாமே? உங்கம்மா காதுல கெடந்த கல்லுத்தோடு எங்க போச்சுன்னு நானும் ஆடி மாசத்துலருந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன். இப்பத்தான் வெளங்குச்சு. தங்கம் வெளிச்சமா மாறிருக்கு. சந்தோசம்.

ஏழுன்னா சும்மாவா? பொண்ணுக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு, சம்பந்திமாருக்கு ஆளுக்கு ஒண்ணு, சமையல்காரருக்கு ஒண்ணு. மிச்சம் ரெண்டையும் மொய் எழுதுறவருக்குக் குடுத்துரு. அவருக்குத்தான் வெளிச்சம் முக்கியம். ஐந்நூறை அம்பதுன்னு எழுதிட்டாருன்னா ரெண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்த நின்னுபோகும்.

போன வைகாசியில நீ எடுத்த ஆல்பத்த நானும் பொரட்டிப் பாத்தேனப்பா. முன்னாடி நிக்கிற பொண்ணு மொகத்துல மூக்குத்தி எது, மூக்கு எதுன்னு தெரியல, அம்புட்டு வெள்ள. பின்னாடி நின்ன தாய்மாமனக் காணோம். தாம்பாளம் தாம்பாளமா சீர் தூக்கிட்டு, கொட்டு மொழக்கத்தோட வந்த மனுசன். ஆல்பத்துல அவருக்கு மிஞ்சுனது வேட்டிக் கரை மட்டுந்தான். அந்தக் கரைய வச்சு அடையாளங்கண்டு, "இந்தா நிக்கிறாரு பாரு"ன்னு அவரு பொண்டாட்டி ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டிருக்கு. தாய்மாமன் இருட்டுல நிக்கிற கல்யாணம் வெளங்குமா? நானும் ஒரு தாய்மாமன்ங்கிறதால கேக்குறேன்.

இந்தாளு என்னத்தக் கண்டாருன்னு மனசுக்குள்ள நெனைக்கிற பாத்தியா, அது மொகத்துலயே தெரியுது. பெட்ரமாக்ஸ் லைட்டத் தலையில சுமந்துக்கிட்டு மாப்பிள்ள அழைப்புக்கு முன்னாடி நடந்தவன்டா நான். பெறகு வீடியோ வந்துச்சு. ஆயிரம் வாட்டு ஹாலஜன் லைட்டத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, பின்னாடி வயரு இழுபட, கேமராக்காரரு போன எடமெல்லாம் போனேன். லைட்டு வந்துச்சுன்னா சோறு திங்கிறவன்கூட வாயத் தொடச்சுக்கிட்டு நிமிந்து உக்காருவான். கெழவிக கண்ணு கூசிப்போயி எம்பரம்பரையையே வையும். வெளிச்சத்துல நின்னவன விட வெளிச்சத்தப் புடிச்சவனுக்குத்தான், அது எங்க விழுது, எங்க விழலன்னு தெரியும்.

ஒண்ணச் சொல்றேன், கேட்டுக்க. பிளாஷுக்கு அஞ்சடியில நிக்கிறவனுக்குக் கெடைக்கிற வெளிச்சத்துல, பத்தடியில நிக்கிறவனுக்குக் கால்வாசிதான் போய்ச்சேரும். இருவதடியில நிக்கிறவனுக்குப் பதினாறுல ஒரு பங்கு. நம்ம மஞ்சளாறு அணை 57 அடி தளும்பி நின்னாலும், தலமடக்காரன் வயலு ரொம்பி வழிஞ்ச பெறகுதான கடமடக்காரன் வாய்க்கால்ல ஈரம் படுது? நீ கேமரா தலையிலயே பிளாஷச் சொருகிக்கிட்டு முன்னாடி அடிக்கிற. கிட்டக்க நிக்கிற பொண்ணு தலமட, அங்கிட்டு நிக்கிற தாய்மாமன் கடமட. மூழ்குனது ஒண்ணு, காஞ்சது ஒண்ணு.

அணையில மடைய எடம் மாத்த ஒனக்கு அதிகாரமில்ல. ஆனா பிளாஷ மாத்தலாம், எந்த ஆபீசுலயும் மனு குடுக்க வேண்டியதில்ல. அதக் கழட்டி ஸ்டாண்டுல மாட்டி, முப்பதடி தள்ளி, மண்டபத்து மூலையில ஒசரமா வையி. இப்ப முப்பதடியில நிக்கிறவனுக்கும் முப்பத்தாறு அடியில நிக்கிறவனுக்கும் வெளிச்சத்துல மூணுல ஒரு பங்குகூட வித்தியாசம் வராது. கண்ணுக்கு ஒறைக்காது. மேடையில முன் வரிசையும் பின் வரிசையும் ஒரே குடும்பமாத் தெரியும். சொத்துப் பிரிக்கிற வரைக்கும் அது அப்படித்தான இருக்கணும்?

"அம்புட்டு தூரத்துலருந்து பவரு பத்துமா மாமா?"ன்னு கேப்ப. கேளு. அட்டைப் பெட்டி மேல கைடு நம்பர் 60-ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்குமே, அத நம்பித்தான வாங்குன? அது 200 மில்லிமீட்டர் ஜூமுக்குக் குவிச்சு, ஒரே எடத்துல அடிச்சா வர்ற கணக்கு. சபை பூரா பரவட்டும்னு 35-க்கு விரிச்சீன்னா முப்பத்திச் சொச்சமாச் சுருங்கிரும். கணக்குக்கு லேசா 36-ன்னு வச்சுக்கிருவோம். இந்த நம்பர மீட்டர்ல உள்ள தூரத்தால வகுத்தா, ஐஎஸ்ஓ 100-க்கு எந்த எஃப் நம்பர் வைக்கணும்ங்கிறது வந்துரும். ஐஎஸ்ஓவ 1600-க்கு ஏத்து. கைடு நம்பரு நாலு மடங்காகி 144 ஆயிரும். எஃப் 4-ன்னு வச்சா முழுப் பவர்ல 36 மீட்டர் எட்டும். 36 மீட்டர்னா மண்டபத்தத் தாண்டி, செருப்பு விட்ட எடத்தத் தாண்டி, ரோட்டுல கொடைக்கானலுக்குப் போற பஸ்ஸுக்காரன் கண்ணு கூசுற தூரம். நமக்கு எதுக்கு அம்புட்டு? பவர 1/16-க்கு எறக்கு. தூரம் நாலுல ஒண்ணாகி 9 மீட்டர்ல நிக்கும். 9 மீட்டர்னா முப்பதடி. நாஞ்சொன்ன அதே மூலை. பாத்தியா, பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போயி வாய்ப்பாடு படிச்சிருந்தா ஏழு வாங்கிருக்க மாட்ட.

பவரு கொறச்சலா வைக்கிறதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. கெட்டிமேளம்னு அய்யரு கையத் தூக்குறாரு. நாயனக்காரரு தம் கட்டிக்கிட்டாரு. நூறு பேரு அட்சதைய எறியிறாய்ங்க. மாப்பிள்ள மொத முடிச்சுப் போடுறாரு. நீ முழுப் பவர்ல அடிக்கிற. பிளாஷு மூச்சு வாங்குது. நாலு பென்சில் பேட்டரி போட்ட பிளாஷுன்னா மறுபடி தயாராக ரெண்டு மூணு செகண்டு வேணும், லித்தியம் பேட்டரின்னாலும் ஒண்ணரை செகண்டு. அதுக்குள்ள ரெண்டாவது முடிச்சு முடிஞ்சு, நாத்தனாரு மூணாவது முடிச்சும் போட்டு, கண்ணத் தொடச்சுட்டு எறங்கிரும். ஒனக்காக இன்னொருக்கா தாலி கட்டச் சொல்லுவியா? சொல்லுவ, நீ சொல்லக்கூடிய ஆளுதான். 1/16-ல அடிச்சீன்னா விடாம அடிக்கலாம், பேட்டரியும் பந்தி முடியிற வரைக்கும் தாக்குப்புடிக்கும்.

ஆக, பெரிய மண்டபத்துக்கே மூணு போதும். பின்பக்கத்து ரெண்டு மூலையில ரெண்டு, மேடைக்குப் பின்னாடி ஓரத்துல ஒண்ணு. அந்த மூணாவதுதான் பொண்ணோட ஜடைய, பூவ, மாப்பிள்ள தோளுப்பட்டையத் திரையிலருந்து பிரிச்சுக் காட்டும். ஓமம் வளத்தா பொகைக்குள்ளயும் பூந்து வரும். பொகைக்கு முன்னாடியிருந்து அடிச்சா சாம்பல்தான் தெரியும். பின்னாடியிருந்து அடிச்சா பொகைக்கே ஒரு லட்சணம் வந்துரும். ஒரு பிளாஷு கெட்டுப்போனா மாத்திக்கிற ஒண்ணு கையில இருக்கட்டும். மத்த மூணையும் வித்துட்டு மொதல்ல தோட்ட மீட்டுப் போடு. எந் தங்கச்சி வெறுங்காதோட பந்தியில பரிமாறுறத உன் பிளாஷு வெளிச்சத்துல பாக்க எனக்கு ஏலாது.

வெளிநாட்டுக்காரன் சொன்னாத்தான் நம்புவன்னா அதையுஞ் சொல்றேன். எட்ஜர்ட்டன்னு அமெரிக்காவுல ஒரு வாத்தியாரு. இந்த எலக்ட்ரானிக் பிளாஷுக்கு வழி காட்டுன ஆளுகள்ல முக்கியமானவரு. 1944-ல, சண்டை நடந்துக்கிட்டிருந்த நேரம், விமானத்துல 50,000 வாட்-செகண்டு பிளாஷ ஏத்திக்கிட்டுப் போயி, ராத்திரியில இங்கிலாந்துல இருக்கிற ஸ்டோன்ஹெஞ்சுக் கல்லு மேல அடிச்சாரு. ராத்திரியில எதிரி எங்க நடமாடுறான்னு படம் எடுக்கறதுக்கான ஒத்திகை. ஒன்னோட பிளாஷு ஒண்ணு எழுவது சொச்சம் வாட்-செகண்டு. ஏழையும் ஒண்ணாக் கட்டி அடிச்சாலும் ஐந்நூத்திச் சொச்சம்தான். அதனால ஊரையே வெளிச்சம் போட்டுக் காட்டுறேன்ங்கிற நெனப்ப விட்டுரு.

இன்னொருத்தரு வின்ஸ்டன் லிங்க். நீராவி ரயிலு ஒழியிறதுக்கு முன்னாடி அத ராத்திரியில படம் எடுத்துரணும்னு கெறுக்குப் புடிச்ச மனுசன். 1956 ஆகஸ்டுல மேற்கு வர்ஜீனியாவுல, காருல உக்காந்தே படம் பாக்குற தெறந்தவெளித் தியேட்டரு ஒண்ணு. கார்ல ஒரு சோடி, எதுக்க சினிமாத் திரை, அதுக்கு அங்கிட்டு ரயிலு பொகையக் கக்கிக்கிட்டுப் போகுது. அம்புட்டையும் ஒரே படத்துல புடிக்க 43 பிளாஷ் பல்பு வச்சாரு. ஒரு பல்பு ஒரு தடவதான் எரியும், ஒரு தடவதான் ரயிலு வரும். முன்கூட்டியே ஒவ்வொரு பல்பு வெளிச்சமும் எந்த எடத்துல விழணும்னு எடம் பாத்து, வயரு இழுத்து வச்சவரு. ஒனக்கு நூறு தடவ எரியிற பிளாஷு, நடக்கிற தூரத்துல மண்டபம், அதப் போய்ப் பாக்க மட்டும் நேரமில்ல.

ஆனா அவருக்கும் ஒரு எடத்துல சறுக்குச்சு. அத்தன பல்பு எரிஞ்ச வெளிச்சத்துல திரையில ஓடுன சினிமா வெளிறிப்போச்சு. பெறகு இருட்டறையில அந்தப் படத்தத் தனியாச் சேத்தாரு. இப்ப நம்ம ஊரு மேடையப் பாரு. பின்னாடி எல்.இ.டி. சுவரு, அதுல பொண்ணு மாப்பிள்ள பேரு மின்னுது, மயிலு பறக்குது. காசக் கொட்டி வச்சிருக்காய்ங்க. நீ நேர அடிச்சீன்னா மயிலும் பேரும் வெளுத்துரும், கறுப்புப் பலகையும் சாம்பலாத் தெரியும். பக்கவாட்டு மூலையிலருந்து, சுவத்து மேல படாமச் சாய்ச்சு அடி. ஷட்டர ரொம்ப வேகமா வைக்காத. எல்.இ.டி. சுவரு கோடு கோடா விழும், சீரியல் பல்பும் செத்துப்போகும். 1/60-ல நின்னு பாரு. பிளாஷு ஆள உறைய வைக்கும், மண்டபத்து வெளிச்சம் மெதுவா ஊறி வரும்.

அதே 1956-ல நம்ம நாட்டுலயும் ஒரு சேதி. சத்யஜித் ராயோட 'அபராஜிதோ' படம் வந்துச்சு. காசியில ஒரு வீட்டு முத்தம். ஆனா அந்த முத்தம் கட்டுனது கல்கத்தா ஸ்டூடியோவுல. முத்தத்துல நெழலு விழாம, ஆகாசத்துலருந்து எறங்குற வெளிச்சம் வரணும். கேமராக்காரரு சுப்ரத மித்ரா என்ன பண்ணுனாரு? முத்தத்துக்கு மேல வெள்ளத் துணிய விரிச்சுக் கட்டி, லைட்ட ஆளு மேல அடிக்காம அந்தத் துணியில அடிச்சுத் திருப்புனாரு. துணியிலருந்து எறங்குன வெளிச்சத்தப் பாத்து, அது நெச வெயிலு முத்தம்னே நம்புனவங்க உண்டு.

இதச் சொல்லும்போது எனக்கு நம்ம பழைய பந்தலு ஞாபகம் வருது. ஓலப்பந்தலு போட்டு, உள்பக்கம் வெளுத்த வேட்டிகளா மாத்துக் கட்டுவாங்க. தலைக்கு மேல ஒரே வெள்ள. பெட்ரமாக்ஸ் வெளிச்சம் அதுல பட்டு எறங்கும்போது கறுத்த மொகமும் செவத்த மொகமும் ஒண்ணுபோலத் துலங்கும். அந்த வேட்டிய வெளுத்துப் பந்தல்ல கட்டுனவங்களத் தள்ளி உக்கார வச்சுத்தான் எல போட்டாய்ங்க, அந்தக் காலத்து அசிங்கம் அது. பழசெல்லாம் பெருமன்னு சொல்ல நான் வரல. வெள்ளத்துணி பெருமதான், கட்டுனவனத் தள்ளி வச்சது பெருமையில்ல.

இப்ப என்ன பண்றாய்ங்க? பந்தல் கான்ட்ராக்டரு வயலட்டு, ரோசு, மயில்கழுத்துன்னு சீலிங்கு பூரா துணியக் குஞ்சம் வச்சுக் கட்டுறாரு. நீ அதப் பாத்து பிளாஷ நிமித்தி அடிக்கிற. துணி என்ன நெறமோ அதே நெறம் பொண்ணு நெத்தியில எறங்குது. போன ஆவணியில ஒரு பொண்ணு ஆல்பம் பூரா வயலட்டு மொகத்தோட நின்னுச்சு. மாமியாக்காரி அதப் பாத்துட்டு, பொண்ணுக்கு ரத்தம் பத்தலைன்னு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாத கொறதான். கம்ப்யூட்டர்ல சரிபண்ணலாம்னு சொல்லாத. மொகத்தச் சரிபண்ணுனா பட்டுச் சேல நெறம் மாறும். அரக்குச் சேலையக் கத்திரிப்பூக் கலரா மாத்துனவன எந்தப் பொண்ணு வீட்டுக்காரியும் உசுரோட விடாது.

தகரக் கொட்டக மண்டபம்னா, தகரம் எட்ட இருக்கும், கறுத்திருக்கும், அடிச்ச வெளிச்சம் திரும்பி வராது. மாந்தோப்புல ரிசப்ஷன்னு ஒரு புது நாகரிகம் வந்திருக்கு. ஆகாசத்துல அடிச்சா கொடைக்கானல் மலைதான் வாங்கிக்கிரும், திருப்பிக் குடுக்காது. அந்த மாதிரி எடத்துல வெள்ளச் சுவரு எதுன்னு தேடு. அதுவும் இல்லையா, வெள்ளத் தெர்மாகோல் அட்ட ரெண்ட ஸ்டாண்டுல கட்டு. அதுவும் இல்லையா, நாலு வேட்டியத் தச்சு மூங்கில்ல விரி. சீரியல் பல்பு மஞ்சளா எரியிற எடம்னா பிளாஷுக்கு ஆரஞ்சுத் தாள ஒட்டு. பல்பு வெளிச்சம் சுமாரா 3000 கெல்வின், பிளாஷு சுமாரா 5500. ஒட்டாம எடுத்தா ஆளு நீலம், பின்னணி மஞ்சள். பிளாஷு தலை சூடேறும், தாளு உருகும், துணிக்கு எட்டவே வையி. மக்னீசியப் பொடிய எரிச்சு பிளாஷ் அடிச்ச காலத்துல, நியூயார்க்குச் சேரிகளப் படம் எடுத்த ஜேக்கப் ரீஸ் ரெண்டு தடவ வீட்டுக்கே தீ வச்சுட்டாராம். அவரே எழுதி வச்சிருக்காரு. அவரு நல்லதுக்குப் போயித் தீ வச்சாரு. நீ ஆல்பத்துக்குப் போயி வைக்காத.

ஸ்டாண்ட எங்க வைக்கிற? நடைபாதையில வச்சீன்னா சாம்பாரு வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுறவன் மேல விழும், இல்ல அவன் அது மேல விழுவான். மொய் மேசைக்குப் பக்கத்துல வையி. அங்க எந்நேரமும் நாலு பேரு உக்காந்திருப்பாய்ங்க, பணத்துக்குக் காவலு இருக்கிற எடத்துல பிளாஷுக்கும் காவலு இருக்கும். அடியில மணல் மூட்டையப் போடு. உறுமி அடிக்கிற எடத்துக்குக் கிட்டயே போகாத. தாளம் ஏறுச்சுன்னா சித்தப்பன்மாரு கையில கெடச்சதத் தூக்கிக்கிட்டு ஆடுவாய்ங்க, அதுல ஒன் ஸ்டாண்டும் ஒண்ணா இருந்துரும்.

அப்புறம் இந்தச் சேனலு விவகாரம். பொண்ணு வீட்டுக்கு ஒரு போட்டோகிராபரு, மாப்பிள்ள வீட்டுக்கு ஒருத்தரு. எட்ட நிக்கிற பிளாஷ அடிக்க வைக்க ரெண்டு பேருகிட்டயும் ஒரே கம்பெனி டிரிகரு, வாங்குனப்ப இருந்த அதே ஒண்ணாம் நம்பர் சேனலு. அவன் அமுக்குறப்ப ஒன் பிளாஷு அடிக்குது. நீ அமுக்குறப்ப அவன் பிளாஷு அடிக்குது. ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டு நிக்கிறீங்க. சம்பந்திமாரு சண்டைய வெலக்கத்தான் நாங்க இருக்கோம், போட்டோகிராபர்மாரு சண்டைக்கு யாரு பஞ்சாயத்து பண்றது? பழைய கண்ணுபாத்து அடிக்கிற ஸ்லேவு பிளாஷு இன்னும் மோசம். எவன் பிளாஷு அடிச்சாலும் அதுவும் கூடச் சேந்து அடிச்சுக்கிட்டே கெடக்கும், நீ எடுக்கிறப்ப மூச்சு வாங்கும். வீடியோக்காரருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வையி. ஒன் பிளாஷு பட்டா அவரு படத்துல பாதி மட்டும் வெளுத்து ஒரு பட்ட விழும். தாலி கட்டுற நேரத்துல எத்தன அடிப்பன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கங்க.

கடைசியா ஒண்ணு. எல்லாத்தையும் வெளிச்சம் போட்டுக் காட்டணும்ங்கிற அரிப்பு ஒனக்கு அதிகமா இருக்கு. பக்கத்துல தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சி கோயில்ல கதவத் தெறக்கிறதே இல்ல. மூடுன கதவுக்குத்தான் பூச, மூடுன கதவுக்குத்தான் கும்புடு. இத்தன சனம் ஆத்தாளப் பாக்காமயே நம்பி வந்துட்டுப் போகுது. ஒனக்கு ஒரு மூலை இருட்டா இருந்தாப் பொறுக்கல. மணமேடைக்குப் பின்னாடி அம்மாக்காரி அழுகுற மூலை இருக்கும். அங்க பிளாஷத் திருப்பாத. கண்ணாடி ரூம்ல பொண்ணு ஒத்தையில உக்காந்திருக்கும், சன்னல் வெளிச்சம் போதும். பந்தியில சுத்தமா வேண்டாம். வாயத் தெறந்துக்கிட்டு, கவளத்தக் கையில வச்சுக்கிட்டு, கண்ண மூடி உக்காந்திருக்கிற எம்படம் ஊர்ல எத்தன ஆல்பத்துல இருக்குன்னு தெரியுமா? அத்தனைக்கும் வெளிச்சம் பிரமாதம்.

எந்திரி. பகல்ல போகாத, ஏழு மணிக்கு மேல மண்டபத்துக்குப் போ. வாட்ச்மேன்கிட்டச் சொல்லி எல்லா லைட்டையும் போடச் சொல்லு, பெறகு ஒவ்வொண்ணா அணைக்கச் சொல்லு. சீலிங்கு என்ன நெறம், எம்புட்டு ஒசரம், வெள்ளச் சுவரு எங்கிட்டு இருக்குன்னு எழுதிக்க. பொண்ணு வீட்டு போட்டோகிராபரு வந்திருந்தா டீ வாங்கிக் குடுத்து, சேனலு நம்பரப் பேசி முடி. டீக்காசு எங்கிட்ட கேக்காத, ஒங்கம்மாட்ட கேளு.